கதிர் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தாச்சு, பீடி நிற்கவில்லை: எதை, எவ்வளவு, எப்போது?

கரைத்தொண்டர்
வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் வீடு தேடிப் போய்ப் பார்க்கும் புற்றுநோயாளிகளைப் பற்றிய கேள்வி. தொண்டை, நாக்கு, நுரையீரல் என்று இடம் வேறானாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். ஐம்பதைத் தாண்டிய ஆள், கடல் தொழில், கண் விழித்ததும் பீடி, நாளைக்கு ஒன்றரை இரண்டு கட்டு. மதுரையில் கதிர் வைக்கத் தேதி கொடுத்திருப்பார்கள். ஓ.பி. சீட்டின் மூலையில் 'புகை நிறுத்தவும்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேல் ஒன்றுமில்லை. வீட்டில் பேசினால் 'வர்றது வந்துருச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது' என்கிறார்கள். சீட்டில் இருக்கும் அந்த ஒரு வரியை நடைமுறைக்குக் கொண்டுவர என்னென்ன செய்ய வேண்டும்? அளவோடு, நாள் கணக்கோடு சொல்லுங்கள்.

கதிர்_அறை
'இனி விட்டு என்ன' என்பதற்கு முதலில் பதில் வேண்டும். அது இல்லாமல் மாத்திரை கொடுத்துப் பயனில்லை.

பீடிப் புகையில் கார்பன் மோனாக்ஸைடு இருக்கிறது. ரத்தத்தில் பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். கதிர் வேலை செய்யக் கட்டிக்குள் பிராணவாயு வேண்டும். பிராணவாயு குறைந்த கட்டி கதிருக்கு அசைந்து கொடுக்காது. கதிர் வைக்கும் அறைக்கு வெளியே மரத்தடியில் நின்று ஒரு பீடி குடித்துவிட்டு உள்ளே வருகிறவருக்கு அன்றைய கதிரின் பலத்தை அந்தப் பீடியே குறைக்கிறது. இதைச் சொன்னால் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடுகிறது. நல்ல சேதியும் உண்டு: இந்த வாயு ரத்தத்தில் நாலைந்து மணி நேரத்துக்கொரு தடவை பாதியாகிக்கொண்டே வரும். ஒரு நாள் முழுக்க நிறுத்தினாலே பெரும்பகுதி போய்விடும்.

தலை, கழுத்துப் புற்றுக்கு வழக்கமாக 33 முதல் 35 நாள், வாரம் ஐந்து நாள் வீதம் ஏழு வாரம் ஓடும். மூன்றாம் வாரத்தில் வாய்ப்புண் ஏறும். புகை தொடர்ந்தால் புண் ஆழமாகும், ஆறத் தாமதமாகும். புண்ணால் கதிரை நடுவில் நிறுத்த நேர்ந்தால் அந்த இடைவெளியில் கட்டி மறுபடி வளரப் பார்க்கும். சிகிச்சை முடிந்து மாதங்கள், வருடங்கள் கழித்துத் தாடை எலும்பு செத்துப்போகும் ஆபத்தும் புகை குடிப்பவருக்கு அதிகம். அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் தலைமை மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் 2014 அறிக்கை, புற்று வந்த பிறகும் புகைப்பது மரண அபாயத்தையும் இரண்டாவதாக இன்னொரு புற்று வரும் அபாயத்தையும் கூட்டுகிறது என்று உறுதியாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே 'விட்டு என்ன' என்பவரிடம் 'வைக்கிற கதிர் பலிக்கணும்ல' என்று கேட்டால் போதும்.

வார்டு_சிஸ்டர்
கேட்கும் விதத்தில்தான் பாதி வேலை கெடுகிறது. மனைவியையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு 'இன்னும் குடிக்கிறீங்களா?' என்று கேட்டால் யாராக இருந்தாலும் 'அன்னைக்கே விட்டுட்டேன் சிஸ்டர்' என்றுதான் வரும். நோய் வந்ததே தன்னால்தான் என்ற குற்ற உணர்வு ஏற்கெனவே இருக்கும். அதன் மேல் விசாரணை வேறு வேண்டாம். தனியாக வைத்து, 'போன ஏழு நாள்ல ஒரு இழுப்பாவது இழுத்தீங்களா? கடைசியா எப்போ?' என்று காய்ச்சல் விசாரிக்கிற தொனியில் கேளுங்கள். கூடவே 'போயிலை போடுறதுண்டா?' என்பதையும். பீடியை மட்டும் கேட்டால் பீடியை மட்டும்தான் சொல்வார்கள்.

அடுத்த கேள்வி: 'எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?' அரை மணிக்குள் என்றால் அடிமைத்தனம் கடுமை. பீடி எண்ணிக்கையை நம்பி அளவு போடாதீர்கள். சிகரெட்டுக்குப் போட்ட கணக்கு பீடிக்குப் பொருந்தாது. பீடி இலையில் காற்று புகாது, அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கும். சின்னதாக இருக்கிறதே என்று நினைத்தால் கணக்குத் தப்பும்.

மாத்திரைப்பெட்டி
கீழக்கரை மருந்துக்கடைக் கண்ணோட்டத்தில் சொல்கிறேன். நிகோடின் சூயிங்கம் வாங்கிப் போகிறவர்களில் பெரும்பாலோர் தோற்பதற்கு இரண்டே காரணம். ஒன்று, அளவு பத்தாது. இன்னொன்று, மெல்லும் விதம் தப்பு.

அளவு: எழுந்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மி.கி, அதற்குப் பிறகென்றால் 2 மி.கி. நம் நாட்டில் 2 மி.கி சீட்டில்லாமல் கிடைக்கும், 4 மி.கி-க்குச் சீட்டு வேண்டும். அதனாலேயே கடும் பழக்கக்காரரும் 2 மி.கி வாங்கி, நாளைக்கு மூன்று மென்று, 'இது ஒண்ணும் கேக்கல' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார். முதல் ஆறு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் ஒன்று இரண்டு மணிக்கொன்று, நாளைக்குக் குறைந்தது ஒன்பது வேண்டும். மிஞ்சிப் போனால் 24. ஏழு முதல் ஒன்பதாம் வாரம் வரை 2-4 மணிக்கொன்று, பத்து முதல் பன்னிரண்டு வரை 4-8 மணிக்கொன்று. பிறகு நிறுத்தம்.

மெல்லும் விதம்: மிட்டாய் மாதிரி மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் வரும். கீமோ நடக்கும் ஆளென்றால் குமட்டலுக்குக் கேட்கவே வேண்டாம். மெதுவாகப் பத்துப் பதினைந்து கடி, காரமோ சுரீர் என்ற உணர்வோ வந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்க வேண்டும். உணர்வு அடங்கியதும் மறுபடி கடித்து வேறு பக்கம் ஒதுக்கல். இப்படி அரை மணி. போயிலை ஒதுக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம், அவ்வளவு பொருத்தம். மெல்லுவதற்குக் கால் மணி முன்பிருந்து காபி, டீ, எலுமிச்சை ஜூஸ், கலர் எதுவும் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஏறாது.

கம் வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும். ஏக்கம் உச்சிக்குப் போன பிறகு வாயில் போட்டால் தாமதம். சாப்பாடு முடியும் நேரம், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் என்று முன்கூட்டியே போட வேண்டும்.

வாய்நலம்
மாத்திரைப்பெட்டி காக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் வாய்ப் புற்று, தொண்டைப் புற்று ஆட்களுக்குக் கம் பல நேரம் ஒத்துவராது. வாய் திறக்க முடியாதவர், பல் பிடுங்கியவர், கதிரால் எச்சில் வற்றியவர், புண் வந்தவர் யாருக்கும் வேண்டாம். சப்பும் நிகோடின் மாத்திரையும் புண்ணில் எரியும். இவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிகோடின் பட்டைதான் (பேட்ச்) வழி.

நாளைக்குப் பத்து சிகரெட்டுக்கு மேல் என்ற அளவுக்காரருக்கு 21 மி.கி பட்டை ஆறு வாரம், 14 மி.கி இரண்டு வாரம், 7 மி.கி இரண்டு வாரம். வாய் நன்றாக இருக்கும் ஆளுக்குப் பட்டையோடு கம்மும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் தரும். பட்டை நாள் முழுக்க அடிப்படையைத் தாங்கும், கம் திடீர் ஏக்கத்துக்கு.

கச்சான்
பட்டை இந்தக் கரையில் ஒட்டி நிற்பதே பெரும்பாடு. உப்புக் காற்று, வியர்வை, எண்ணெய் தேய்க்கும் பழக்கம். சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து நன்றாகக் காய்ந்த தோலில் ஒட்ட வேண்டும். தேங்காய் எண்ணெய் மினுமினுப்பு இருந்தால் மத்தியானத்துக்குள் கழன்றுவிடும். மேல் கையின் வெளிப்புறம், முடியில்லாத இடம். முடி இருந்தால் கத்தரியால் வெட்டுங்கள், அன்றே சவரம் செய்தால் எரியும். உள்ளங்கையால் பத்து நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஓரம் தூக்கினால் மைக்ரோபோர் டேப். நேற்று ஒட்டிய இடத்தில் இன்று வேண்டாம், ஒரு வாரம் கழித்துத்தான் அதே இடம். கதிர் படும் தோலில் ஒருபோதும் ஒட்டக் கூடாது. கழுத்துக்குக் கதிரென்றால் நெஞ்சின் மேல்பகுதியையும் தவிர்த்து, கையிலோ இடுப்புக்கு மேலோ வையுங்கள்.

வெயிலில் நேராகக் காட்ட வேண்டாம். படகு எஞ்சின் அறைச் சூட்டிலும் கவனம். சூட்டில் மருந்து வேகமாக ஏறும், தலை சுற்றும், படபடக்கும். இரவில் கெட்ட கனவு வந்து தூக்கம் போகிறது என்றால் படுக்கும்போது எடுத்துவிட்டு விடிந்ததும் புதிது ஒட்டலாம். அப்படிச் செய்தால் விடிகாலை ஏக்கத்துக்கு ஒரு கம் தயாராக வேண்டும், ஏனென்றால் புதுப் பட்டை பிடிக்கச் சில மணி நேரம் ஆகும். கழற்றிய பட்டையிலும் மருந்து மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கம் உள்ளே வரும்படி மடித்து, குழந்தை கைக்கு எட்டாமல் போடுங்கள்.

பாலத்தடி
நிகோடினே நஞ்சுதானே? நோயாளிக்கு அதையே கொடுப்பதா? படிப்படியாகக் குறைத்தால் போதாதா? இருபதைப் பதினைந்தாக்கி, பத்தாக்கி...

கதிர்_அறை
அடிமையாக்குவது நிகோடின். புற்றுக்கு வழிவிடுவது புகையில் உள்ள மற்ற எழுபது சொச்சம் நச்சுகள். பட்டையில் தார் கிடையாது, கார்பன் மோனாக்ஸைடு கிடையாது. விதிவிலக்கு ஒன்று: சதை எடுத்து ஒட்டும் ஆபரேஷனில் சின்ன ரத்தக்குழாய்களைத் தைப்பார்கள், நிகோடின் குழாயைச் சுருக்கும். பட்டை வேண்டாம் என்று சொல்லும் அறுவை நிபுணர்கள் உண்டு. அவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். சமீபத்தில் மாரடைப்பு வந்தவருக்கும் அப்படியே.

குறைத்துக்கொண்டே வருவதைப் பற்றி: ஏழு வாரச் சிகிச்சையில் அதற்கு நேரமில்லை. அதோடு, எண்ணிக்கை குறைந்தால் ஆள் ஒவ்வொன்றையும் அடி வரைக்கும் ஆழமாக இழுப்பார், உள்ளே போவது அவ்வளவாகக் குறையாது. ஒரே நாளில் நிறுத்துவதுதான் பொதுவாக நன்றாகப் பலிக்கிறது. முடியவே முடியாது என்பவர், கதிருக்குப் போகும் நாளின் காலைப் பீடியை முதலில் வெட்டட்டும். அது பாதி வழிதான்.

ஆபரேஷன் என்றால் நாலு வாரம் முன்பே நிறுத்துவது நல்லது. அதற்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடக் கூடாது. 'பக்கத்துல போய் நிறுத்துனா சளி கூடும்' என்ற பேச்சைக் கேட்டுத் தொடர வேண்டாம், இன்றைக்கே நிறுத்தலாம்.

மாத்திரைப்பெட்டி
புகையை நிறுத்த உதவும் மாத்திரைகள் இரண்டு. இரண்டும் மருத்துவர் எழுதித்தான்.

வரெனிக்ளின்: முதல் மூன்று நாள் 0.5 மி.கி ஒரு வேளை, நாலு முதல் ஏழாம் நாள் வரை 0.5 மி.கி இரு வேளை, எட்டாம் நாளிலிருந்து 1 மி.கி இரு வேளை, மொத்தம் 12 வாரம். நிறுத்தும் தேதி எட்டாம் நாள் வாக்கில். சாப்பிட்ட பிறகு ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறவர்களுக்கு இரண்டு சிக்கல்: குமட்டல் எதனால் என்று தெரியாமல் போகும், சிறுநீரகமும் அடிபடும். ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகம் 30-க்குக் கீழ் என்றால் அளவை 0.5 மி.கி இரு வேளையோடு நிறுத்துவார்கள்.

புப்ரோப்பியான்: 150 மி.கி மூன்று நாள் ஒரு வேளை, பிறகு இரு வேளை, நிறுத்தும் தேதிக்கு ஒன்று இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். வலிப்பு வந்தவருக்கும் மூளைக்குக் கட்டி பரவியவருக்கும் கூடாது. மூக்குவழிக் குழாயில் உணவு போகிறவருக்கு இதைப் பொடித்துக் கரைத்துக் கொடுக்கவே கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரை, பொடித்தால் மொத்தமும் ஒரேயடியாக ஏறி வலிப்பு வரலாம். மார்பகப் புற்றுக்குத் தமாக்ஸிபென் சாப்பிடும் பெண்களுக்கும் வேண்டாம். தமாக்ஸிபென் உடலில் மாறி வேலை செய்ய ஈரலில் ஒரு நொதி வேண்டும், புப்ரோப்பியான் அதை அடைத்துவிடும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. நிறுத்திய பிறகு ரத்தத்தில் மற்ற மருந்துகளின் அளவு மாறும். புகை ஈரலைத் தூண்டிச் சில மருந்துகளை வேகமாக எரிக்க வைக்கும். புகை நின்றதும் அதே மாத்திரை ரத்தத்தில் கூடுதலாக நிற்கும். நம் பக்கம் இளைப்புக்கு அள்ளிக் கொடுக்கும் டெரிபிலின் அப்படித்தான், நிறுத்தி ஒரு வாரத்தில் கை நடுக்கமும் படபடப்பும் வரலாம். கீமோ குமட்டலுக்கு இரவில் கொடுக்கும் ஓலன்சாபைனும் அப்படியே, பகலெல்லாம் தூங்கி விழுவார். காபி, டீயும் சேர்த்தி. பழைய கணக்கில் ஆறு டீ குடித்தால் தூக்கம் வராது, பழி 'பீடிய விட்டதால' என்று போகும். பாதியாகக் குறையுங்கள். எர்லோட்டினிப் மாத்திரை எடுக்கும் நுரையீரல் புற்று நோயாளி புகைத்தால் மருந்து ரத்தத்தில் நிற்காமல் போய்விடும், புகையை நிறுத்தினால் ரத்தத்தில் அதன் அளவு உயரும். ஆகவே எந்தப் பக்கம் மாறினாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். பட்டையோ கம்மோ இந்த மாற்றத்தைச் செய்யாது, செய்வது புகைதான்.

வார்டு_சிஸ்டர்
'பீடி இழுத்தாத்தான் வயிறு போகும்' என்பதைக் கேலியாக எடுக்காதீர்கள், அதில் உண்மை இருக்கிறது. நிறுத்திய முதல் வாரங்களில் மலச்சிக்கல் வரும். வலிக்குக் கொடுக்கும் மார்பினும் வாந்தியை நிறுத்தும் ஊசியும் அதே வேலையைச் செய்யும். மூன்றும் சேர்ந்தால் நாலு நாள் போகாமல் கிடந்து, மறுபடி பீடியைப் பற்ற வைத்துவிடுவார். நிறுத்தும் நாளிலேயே மலமிளக்கியையும் எழுதி வாங்குங்கள்.

எரிச்சல், தூக்கமின்மை, மனக் கலக்கம் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சம், பிறகு இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும். ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் ஆள் குழாயைப் பிடுங்கிக்கொண்டு புரண்டால் வலி ஊசியை மட்டும் ஏற்றாமல், பீடி நின்று எத்தனை மணி நேரம் என்றும் பாருங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் நோயாளி இருந்தால் ஒரே விதி: அந்த அறையில் எவரும் தீக்குச்சி உரசக் கூடாது. மூக்கில் குழாயோடு பற்ற வைத்தால் முகம் வெந்துவிடும். ஓலைச் சார்ப்பு உள்ள வீடுகளில் சொல்லவே வேண்டாம்.

பாலத்தடி
பீடிக்குப் பதில் போயிலை? மூலிகை பீடி? மின்சிகரெட்?

வாய்நலம்
தம்பி, மூன்றும் வேண்டாம். வாய்ப் புற்றுக்குப் போயிலையும் பாக்குமே நேர் காரணம், பாக்கு மட்டும் போட்டாலும்தான். மூலிகையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் வரும். மின்சிகரெட் 2019 சட்டப்படி இங்கே விற்கவே தடை. வாய்க்கு ஏதாவது வேண்டுமென்றால் கதிருக்கு முன்பு கிராம்பு, ஏலக்காய், சோம்பு சரி. புண் வந்த பிறகு அவை எரியும், குளிர்ந்த தண்ணீரை மெல்ல உறிஞ்சுவதுதான் தாங்கும். பனங்கற்கண்டை நாள் முழுக்க ஒதுக்காதீர்கள். எச்சில் வற்றிய வாயில் பல் சொத்தை பறந்து வரும், கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்குவதே ஆபத்து.

கச்சான்
தேதி வைப்பதைப் பற்றி ஒன்று. விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். கடலுக்குப் போகாத அந்த நேரத்தில் நிறுத்தலாம் என்று பலரும் யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. வலை பின்னும் கொட்டகையிலும் சீட்டாடும் இடத்திலும்தான் கட்டு கட்டாகக் காலியாகும். கதிருக்குப் போட்டுக் கொடுத்த தேதியே நல்ல தேதி. அதற்கு ஒரு வாரம் முன்பு நிறுத்துங்கள்.

நிறுத்தும் நாளுக்கு முதல் நாள் இரவு கைலி மடிப்பு, சட்டைப்பை, படகுப் பெட்டி, தலையணை அடி எல்லாம் தேடிக் காலி செய்ய வேண்டும், தீப்பெட்டி உட்பட. ஏக்கம் வந்தால் மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் நிற்கும். அந்த நேரத்துக்கு எழுந்து நடப்பது, தண்ணீர், ஆழ்ந்த மூச்சு. வீட்டில் மகன் புகைப்பவரென்றால் அவரையும் சேர்த்து நிறுத்தச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் வாசலுக்கு வெளியே.

மறுபடி தொடங்கும் ஆபத்து கதிர் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில். புண் ஆறி, ருசி திரும்பி, மறுபடி படகேறும் நேரம் அது. வாடைக்காற்றில் வலை போட்டுவிட்டு விழித்திருக்கும்போது பக்கத்திலிருப்பவர் நீட்டுவார். மருந்தை 'சிகிச்சை முடிஞ்சிருச்சு' என்று அன்றே நிறுத்தாமல் அந்தந்த மருந்துக்குச் சொன்ன வாரக் கணக்கை முடிக்க வேண்டும். கம்மைத் திருகுமூடி டப்பாவில் வைத்துப் படகுக்கு எடுத்துப் போகட்டும், உப்புத் தண்ணீர் பட்டால் வீண். படகு சாமான் பட்டியலில் அவர் பெயரில் பீடி ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நாள் ஒன்று இழுத்துவிட்டால் பட்டையைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. மருந்தைத் தொடர்ந்தபடியே மறுநாள் நிறுத்தலாம்.

கரைத்தொண்டர்
மிக்க நன்றி. மதுரைக்கு அடிக்கடி போக முடியாதவர்களுக்கு ஆலோசனை எங்கே கிடைக்கும்? உண்மையிலேயே நிறுத்தினாரா என்று சோதிக்க முடியுமா?

வார்டு_சிஸ்டர்
புகையிலையை நிறுத்த உதவும் தேசியத் தொலைபேசி எண் 1800-11-2356. கட்டணமில்லை. சிகரெட் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும். செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 8 முதல் இரவு 8 வரை, திங்கள் விடுமுறை. தமிழில் பேசுவார்கள், பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையின் மையம் தென்னிந்திய மொழிகளைப் பார்க்கிறது. நோயாளியின் கைப்பேசியிலிருந்தே கூப்பிடுங்கள், அப்போதுதான் அடுத்தடுத்த அழைப்பு அவருக்கு வரும். புற்றுநோய், கதிர், கீமோ என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவிலும் விசாரியுங்கள். நிகோடின் மாற்று மருந்து தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022 முதல் இருக்கிறது, அரசு மருந்தகத்தில் இருப்பு உண்டா என்று கேட்பதில் தப்பில்லை.

சோதனைக்கு மூச்சில் கார்பன் மோனாக்ஸைடு பார்க்கும் சின்னக் கருவி உண்டு. ஊதச் சொன்னால் எண் வரும், 6-க்குக் கீழ் என்றால் அன்று புகைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். விறகடுப்புப் புகையில் இருந்து வந்தாலும் எண் ஏறும், ஆளைக் குற்றம் சொல்வதற்கு முன் அதைக் கேளுங்கள். நிகோடின் உடலில் மாறி வரும் கோட்டினினைச் சிறுநீரில் பார்ப்பது பட்டை, கம் போடுகிறவருக்கு உதவாது, எப்படியும் காட்டும். போயிலையை மூச்சுக் கருவி கண்டுபிடிக்காது.

பாலத்தடி
கடைசியாக ஒன்று. எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பட்டையோடு போகலாமா?

கதிர்_அறை
கூடாது. சில பட்டைகளின் முதுகில் அலுமினியப் படலம் இருக்கும், ஸ்கேனில் சூடேறித் தோல் வேகும். எந்தப் பட்டையானாலும் உள்ளே போகுமுன் கழற்றிவிட்டு, வெளியே வந்ததும் வேறிடத்தில் புதிது ஒட்டுங்கள். ஸ்கேன் நாளுக்கு ஒன்று கூடுதலாகப் பையில் வைத்துப் போகச் சொல்லுங்கள்.